காசு கொடுத்து வாங்கிய பாட்டு காரில் பாட மாட்டேன் என்கிறதா? படிப்படியாக ஒரு வழிகாட்டி

பெங்களூருத் தமிழர்களில் ஆன்சைட் போய்த் திரும்பியவர்கள் நிறையப் பேர். 2004, 2005 வாக்கில் அமெரிக்காவில் இருந்தபோது, பாட்டு ஒன்று 99 சென்ட் என்று ஆப்பிளின் ஐடியூன்ஸ் இணையக் கடையில் வாங்கிக் குவித்தவர்களும் அதில் உண்டு. ஐபாட் எப்போதோ உயிரை விட்டிருக்கும். பாட்டுகள் மட்டும் ஏதோ ஒரு பழைய ஹார்ட் டிஸ்கில் கிடக்கும். அவற்றைப் பென் டிரைவில் போட்டுக் காரில் செருகினால் ஒன்று பெயரே தெரியாது, இல்லையென்றால் பெயர் மட்டும் வந்து அடுத்த பாட்டுக்குத் தாவிவிடும்.

இதைச் சரிசெய்ய இணையத்தில் தேடினால் கிடைப்பதில் பாதி காலாவதியான யோசனை, மீதி ஏதாவது ஒரு மென்பொருளை விற்பதற்காக எழுதியது. நான் அல்லாடித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதிவிடுகிறேன். அந்தக் காலத்தில் விற்ற பாட்டுகளில், அனுமதி இல்லாத சாதனத்தில் பாடாதபடி கடையே ஒரு பூட்டு (டிஆர்எம்) போட்டிருக்கும். அந்தப் பூட்டை உடைக்கும் மென்பொருள் எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. பாட்டை விற்ற கடையே அனுமதித்த வழிகள் இருக்கின்றன, கொஞ்சம் பொறுமை இருந்தால் அவையே போதும்.

1. முதலில், பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள்

இதைப் பார்க்காமல் நேரே 6-ஆம் படியில் வரும் சிடி வழிக்காக வெற்றுத் தகடு வாங்கக் கிளம்பாதீர்கள். ஐடியூன்ஸ் கடையில் 2009-க்குப் பிறகு விற்ற பாட்டுகளில் பூட்டு கிடையாது. இந்தியாவில் அந்தக் கடை திறந்ததே 2012 டிசம்பரில்தான். ஆகவே இந்தியக் கணக்கில் ரூபாய் கொடுத்து வாங்கிய எந்தப் பாட்டிலும் பூட்டு இருக்காது. அது காரில் பாடவில்லை என்றால் வடிவம் ஒத்துவரவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கோப்பின் பெயர் எம்4பி (m4p) என்று முடிந்தால் பூட்டு உண்டு. எம்4ஏ (m4a) என்று முடிந்தால் பெரும்பாலும் இல்லை. இன்னும் உறுதியாகத் தெரிய, ஐடியூன்ஸ் மென்பொருளில் (நிறுவுவது பற்றி 3-ஆம் படியில்) பாட்டின் மேல் வலது கிளிக் செய்து ‘கெட் இன்ஃபோ’ போய், ‘ஃபைல்’ என்ற பகுதியைப் பாருங்கள். ‘கைண்ட்’ என்ற வரியில் விஷயம் இருக்கிறது.

‘புரொடெக்டட் ஏஏசி’ என்றால் பூட்டு. ‘பர்ச்சேஸ்டு ஏஏசி’ என்றால் வாங்கியது, பூட்டில்லாதது. ‘ஆப்பிள் மியூசிக் ஏஏசி’ என்றால் அது உங்களுடையதே அல்ல. சந்தா கட்டும் வரை கேட்கலாம், சந்தா நின்றால் பாட்டும் நின்றுவிடும். ஸ்பாட்டிஃபை, ஜியோசாவன் போன்றவற்றில் ‘டவுன்லோடு’ செய்ததும் இதே கணக்குதான். மாதா மாதம் வாடகை கொடுக்கும் பொருளை மாற்றி எடுத்துக்கொள்ள நியாயமான வழி எதுவும் இல்லை, அதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். காரில் அவற்றைக் கேட்கப் புளூடூத் இருக்கிறது.

நூற்றுக்கணக்கில் பாட்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டாம். ‘ஸ்மார்ட் பிளேலிஸ்ட்’ ஒன்று உருவாக்கி, ‘கைண்ட்’ என்பதில் ‘புரொடெக்டட்’ என்ற சொல் வரும் பாட்டுகள் மட்டும் வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். பூட்டுள்ளவை எல்லாம் ஒரே பட்டியலில் வந்து நிற்கும். ஆயிரம் பாட்டு வைத்திருப்பவர்கள்கூட இந்தப் பட்டியலைப் பார்த்து, ‘ஐயே, இவ்வளவுதானா’ என்பார்கள். நிறையப் பாட்டு நாமே சிடியிலிருந்து ஏற்றியதாகவோ, 2009-க்குப் பின் வாங்கியதாகவோ இருக்கும்.

மற்ற கடைகளில் வாங்கியவர்களுக்கு: பிளிப்கார்ட் நடத்திய ‘ஃப்ளைட்’ கடை 2013-ல் மூடப்பட்டது, ஆனால் அது விற்றது பூட்டில்லாத எம்பி3. கூகுள் பிளே மியூசிக்கில் வாங்கியதும் எம்பி3தான். அதை மூடியபோது யூடியூப் மியூசிக்குக்கு மாற்றிக்கொண்டவர்கள், ‘கூகுள் டேக்அவுட்’ வழியாகத் தங்கள் கோப்புகளைக் கோரி இறக்கிப் பார்க்கலாம். பேண்ட்கேம்பில் வாங்கியிருந்தால் கணக்கில் நுழைந்து எம்பி3 வடிவத்தையே மறுபடி இறக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு மற்ற படிகள் வேண்டாம், நேரே கடைசிப் படிக்குப் போய்விடலாம்.

2. கையில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

ரேஷன் அட்டை, ஆதார் எதுவும் தேவையில்லை. ஆனால் இதிலும் ‘ஆவணம்’ உண்டு. அது இல்லாமல்தான் பெரும்பாலோர் பாதியில் நிற்கிறார்கள்.

பாட்டை எந்தக் கணக்கில் வாங்கினீர்களோ அந்த ஆப்பிள் ஐடியும் கடவுச்சொல்லும் வேண்டும். எந்த ஐடி என்று மறந்துபோயிருந்தால் கவலை வேண்டாம். மேலே சொன்ன ‘ஃபைல்’ பகுதியிலேயே வாங்கியவரின் பெயரும் கணக்கும் எழுதியிருக்கும். கணவர் கணக்கில் பாதி, மனைவி கணக்கில் பாதி என்று இருப்பதும் சகஜம். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, அந்தக் கணக்கோடு இணைந்த மின்னஞ்சல். அன்றைய கம்பெனி மின்னஞ்சலையோ, அமெரிக்காவில் இணைய இணைப்பு கொடுத்த கம்பெனியின் முகவரியையோ கொடுத்திருந்தால் அது இன்று உயிரோடு இருக்காது. மூன்றாவது, தொலைபேசி எண். இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கு அமெரிக்க எண்ணைக் கொடுத்திருந்தால் குறுஞ்செய்தி அந்த எண்ணுக்குத்தான் போகும். அந்தக் கணக்கு ஏதாவது ஒரு பழைய ஐபேடிலோ மேக்கிலோ இன்னும் திறந்த நிலையில் இருக்கிறதா என்று வீட்டில் அலமாரியைத் துழாவுங்கள். இருந்தால் முதல் வேலையாக அதிலிருந்தே இந்திய எண்ணைச் சேர்த்துவிடுங்கள். அதற்குள் அந்தச் சாதனத்தை யாரும் ‘சைன் அவுட்’ செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதுவுமே இல்லையென்றால் ஆப்பிளின் ‘அக்கவுண்ட் ரெக்கவரி’ வழிதான். அதில் விண்ணப்பித்துவிட்டுப் பல நாள் காத்திருக்க வேண்டும், அவசரப்படுத்த முடியாது. ஆகவே இந்த வேலையை முதலில் தொடங்கிவிட்டு, காத்திருக்கும் நேரத்தில் 4-ஆம் படியைச் செய்யுங்கள். வாங்கிய காலத்து ரசீது மின்னஞ்சல்கள் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள், எதை வாங்கினோம் என்பதற்கு அதைவிட நல்ல பட்டியல் கிடைக்காது.

கடைசியாக ஒன்று: எல்லாப் பாட்டையும் அப்படியே இன்னொரு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து வையுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகவே வேண்டாம்.

3. கணினியைத் தயார்செய்தல்

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் ஐடியூன்ஸை நிறுவுங்கள். இலவசம்தான். இங்கே ஒரு பொறி இருக்கிறது: விண்டோஸுக்கு ஆப்பிள் இப்போது ‘ஆப்பிள் மியூசிக்’ என்று தனிச் செயலி கொடுக்கிறது. அதை நிறுவிவிட்டால் ஐடியூன்ஸ் பாட்காஸ்டுக்கும் ஒலிநூலுக்கும் மட்டும் என்று சுருங்கிவிடும், பாட்டு வேலை அதில் நடக்காது. அந்தச் செயலி ஏற்கெனவே இருந்தால் நீக்கிவிட்டு ஐடியூன்ஸைத் திறங்கள். மேக்கில் 2019-க்குப் பிறகு ஐடியூன்ஸ் கிடையாது, ‘மியூசிக்’ செயலிதான். பொத்தான்கள் கொஞ்சம் இடம் மாறியிருக்கும், வேலை ஒன்றே.

பிறகு ‘அக்கவுண்ட்’ பட்டியில் ‘ஆத்தரைசேஷன்ஸ்’ போய், ‘ஆத்தரைஸ் திஸ் கம்ப்யூட்டர்’ கொடுங்கள். பூட்டுள்ள பாட்டு இந்தக் கணினியில் பாட இந்த அனுமதி வேண்டும். ஒரு கணக்குக்கு 5 கணினிகள் வரைதான். எப்போதோ ஆபீசில் திருப்பிக் கொடுத்த மடிக்கணினிகள் அந்த ஐந்தையும் அடைத்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் கணக்கு விவரப் பக்கத்தில் ‘டீஆத்தரைஸ் ஆல்’ என்று இருக்கும், எல்லாவற்றையும் ஒரேயடியாக நீக்கிவிடலாம். ஆனால் அதை 12 மாதத்துக்கு ஒருமுறைதான் செய்ய முடியும். விளையாட்டாக அழுத்திவிடாதீர்கள்.

அனுமதி கொடுத்தபின் பூட்டுள்ள பாட்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். கணினியில் பாடினால்தான் மேற்கொண்டு போக முடியும்.

4. பூட்டில்லாத எம்4ஏ பாட்டுகள்: ஐந்து நிமிட வேலை

புதிய கார்கள் பலவற்றில் எம்4ஏ நேரடியாகவே பாடும். முதலில் நாலு பாட்டைப் பென் டிரைவில் போட்டுச் சோதியுங்கள். பாடிவிட்டால் மாற்றவே வேண்டாம்.

பாடவில்லையா? ஐடியூன்ஸில் ‘எடிட்’, ‘பிரெஃபரன்சஸ்’, ‘ஜெனரல்’ போய் ‘இம்போர்ட் செட்டிங்ஸ்’ என்பதைத் திறந்து ‘எம்பி3 என்கோடர்’ தேர்ந்தெடுங்கள். தரத்தில் ‘கஸ்டம்’ போய் 256 கேபிபிஎஸ் வையுங்கள். பிறகு பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து ‘ஃபைல்’, ‘கன்வர்ட்’, ‘கிரியேட் எம்பி3 வெர்ஷன்’. அவ்வளவுதான். ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு கோப்பு ஆகிவிடும், பழசை அழிக்காதீர்கள். ஏஏசியிலிருந்து (எம்4ஏ கோப்புக்குள் இருக்கும் ஒலி வடிவம்) எம்பி3-க்கு மாற்றும்போது தரத்தில் கொஞ்சம் போகும். கார் இரைச்சலில் தெரியாது. நாளைக்கு வேறு வடிவம் தேவைப்பட்டால் மூலத்திலிருந்து மாற்ற வேண்டும், எம்பி3-யிலிருந்து மறுபடி மாற்றக்கூடாது.

இதற்கென்று காசு கொடுத்து எந்தக் ‘கன்வர்ட்டரும்’ வாங்க வேண்டியதில்லை. பூட்டுள்ள எம்4பி கோப்பில் இதே கட்டளையைக் கொடுத்தால், ‘பாதுகாக்கப்பட்ட கோப்பை மாற்ற முடியாது’ என்று சொல்லிவிடும். அவற்றுக்குத்தான் அடுத்த படிகள்.

5. பூட்டுள்ளவற்றுக்கு முதல் முயற்சி: மறுபடி இறக்குதல்

சிடிக்குப் போகும் முன் இதைச் செய்து பாருங்கள். வாங்கிய அதே கணக்கில் நுழைந்து, ‘பர்ச்சேஸ்டு’ பட்டியலில் பாட்டைத் தேடி மறுபடி இறக்குங்கள். ஒரு பாட்டை மட்டும் இறக்கி ‘கைண்ட்’ என்ன காட்டுகிறது என்று பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். ‘புரொடெக்டட்’ என்ற சொல் இல்லையென்றால் அதிர்ஷ்டம்.

பொறி இங்கேயும் உண்டு. அமெரிக்கக் கடையில் வாங்கியது அமெரிக்கக் கடையில்தான் தெரியும். கணக்கை இந்தியாவுக்கு மாற்றிவிட்டால் பழைய பட்டியல் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பழைய கணக்கை அமெரிக்கக் கணக்காகவே விட்டுவைத்து, இந்தியாவுக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்வதுதான் உத்தமம்.

இன்னொன்று: பழைய கோப்பை அழிக்கும்போது ‘ரிமூவ் டவுன்லோடு’ என்றும் ‘டிலீட் சாங்’ என்றும் இரண்டு வரும். முதலாவதைத்தான் அழுத்த வேண்டும். இரண்டாவது, பட்டியலிலிருந்தே மறைத்துவிடும்.

அமெரிக்கக் கணக்கும் அதில் செல்லுபடியாகும் அமெரிக்கக் கார்டும் இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ‘ஐடியூன்ஸ் மேட்ச்’ என்ற வழி உண்டு. ஆண்டுக்கு 24.99 டாலர். உங்கள் நூலகத்தை அது தன் பட்டியலோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகும் பாட்டுகளுக்குப் பூட்டில்லாத 256 கேபிபிஎஸ் கோப்பை இறக்கிக்கொள்ள விடும். பழைய பூட்டுப் பாட்டுகள் 128 கேபிபிஎஸ் என்பதால் தரமும் கூடுகிறது. சந்தா முடிந்த பின்னும் இறக்கிய கோப்புகள் உங்களிடமே இருக்கும். ஒரு வருடத்துக்குக் கட்டி, எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, அன்றே ‘ஆட்டோ ரின்யூவல்’ பொத்தானை அணைத்துவிடுங்கள். முந்நூறு நானூறு பூட்டுப் பாட்டு வைத்திருப்பவர்களுக்குச் சிடியோடு மல்லுக்கட்டுவதைவிட இதுதான் லாபம் என்பது என் கருத்து. ஆனால் கர்நாடக இசை, பழைய தமிழ்ப் பாட்டு போன்றவை எல்லாமே ஒத்துப்போகும் என்று நம்பி இருக்காதீர்கள். ஒதுங்கி நிற்பவற்றுக்குச் சிடிதான் கதி.

6. சிடி வழி

பூட்டுள்ள பாட்டை ஒலிக்குறுந்தகடாக எழுதிக்கொள்ள ஆப்பிள் அப்போதே அனுமதித்தது. எழுதிய தகட்டில் பூட்டு இல்லை. அந்தத் தகட்டைத் திரும்பக் கணினியில் போட்டு எம்பி3-யாக ஏற்றிக்கொண்டால் வேலை முடிந்தது. ஒரே பிளேலிஸ்ட்டை மாற்றாமல் 7 முறைக்கு மேல் எழுத விடாது. நமக்கு ஒருமுறை போதும்.

வாங்க வேண்டியவை. இன்றைய மடிக்கணினிகளில் சிடி போடும் இடமே இல்லை, யூஎஸ்பியில் செருகும் டிவிடி ரைட்டர் வேண்டும். நண்பர்களிடம் விசாரித்துவிட்டுக் கடைக்குப் போங்கள், யார் வீட்டிலாவது தூங்கிக்கொண்டிருக்கும். இல்லையென்றால் பெங்களூரில் கணினிச் சாமான் விற்கும் எஸ்.பி. ரோடு. பச்சை வழித்தடத்தில் சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கினால் நடக்கும் தூரம். காரில் போகாதீர்கள், நிறுத்த இடம் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். கன்னடம், இந்தி, தமிழ் எல்லாம் செல்லும் இடம், தாராளமாக விலை பேசலாம். புதிய ரைட்டர் இரண்டாயிரம் ரூபாய் சுற்றுவட்டத்தில் கிடைக்கும், விலை கடைக்குக் கடை மாறும். பில் கேட்டு வாங்குங்கள், ரைட்டர் சீக்கிரம் கோளாறாகும் சாமான்.

வெற்றுத் தகடு கேட்கும்போது ‘டிவிடி’ அல்ல, ‘சிடி’ என்று அழுத்திச் சொல்லுங்கள். டிவிடியில் ஒலிக்குறுந்தகடு எழுத முடியாது. சிடி-ஆர் ஒருமுறைதான் எழுதும். சிடி-ஆர்டபிள்யூ என்று கிடைத்தால் விடாதீர்கள், அழித்து அழித்து எழுதலாம். ஒரே ஒரு தகட்டை வைத்து முழு நூலகத்தையும் முடித்துவிடலாம், குப்பையும் சேராது.

அங்கே ஒரு கடையில் நான் விஷயத்தைச் சொன்னதும், “இதுக்கு எதுக்கு சார் சிடி? லேப்டாப்பையும் பாஸ்வேர்டையும் குடுத்துட்டுப் போங்க, சாயங்காலத்துக்குள்ள லாக்க உடைச்சுத் தர்றேன். பாட்டுக்கு அஞ்சு ரூபா” என்றார்.

“பாஸ்வேர்டு எதுக்குண்ணா?”

“அது இல்லாம சாஃப்ட்வேர் ஓடாது சார்.”

வேண்டாம். உங்கள் ஆப்பிள் கடவுச்சொல்லோடு கார்டும் புகைப்படங்களும் சேர்ந்து போகின்றன. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பூட்டுடைக்கும் மென்பொருள்களில் என்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று சொல்ல முடியாது. சட்டப்படியும் இது சிக்கலான இடம். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைப்பது குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. சொந்த உபயோகத்துக்கு இடம் இருக்கிறது என்று வாதாடலாம்தான். பாட்டுக்கு அஞ்சு ரூபாய் வாங்கிக்கொண்டு ஊருக்கெல்லாம் உடைத்துத் தருபவர் அப்படி வாதாட முடியுமா என்ன?

எழுதுதல். ரைட்டரை மடிக்கணினியில் நேரடியாகச் செருகுங்கள். யூஎஸ்பி ஹப் வழியாகச் செருகினால் மின்சாரம் போதாமல் பாதியில் நின்று தகடு வீணாகும். பூட்டுப் பாட்டுகளை எடுத்து ஒரு பிளேலிஸ்ட் போடுங்கள். ஒரு தகட்டில் 80 நிமிடம் பிடிக்கும், சினிமாப் பாட்டு என்றால் 16 பாட்டு அளவுக்கு வரும். ‘வியூ’ பட்டியில் ‘ஷோ ஸ்டேட்டஸ் பார்’ கொடுத்தால் மொத்த நேரம் கீழே தெரியும். கூடிப்போனால் ஐடியூன்ஸே ‘அடுத்த தகடு வேண்டுமா’ என்று கேட்டுப் பிரித்துக்கொள்ளும். ஆனால் தகட்டுக்கு ஒரு பிளேலிஸ்ட் என்று நீங்களே பிரித்து, எண் போட்டுக்கொள்வது குழப்பம் தராது.

‘ஃபைல்’, ‘பர்ன் பிளேலிஸ்ட் டு டிஸ்க்’ கொடுத்ததும் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். எல்லாப் பொறியும் இந்தப் பெட்டிக்குள்தான்.

‘டிஸ்க் ஃபார்மட்’ என்பதில் ‘ஆடியோ சிடி’ மட்டும். ‘டேட்டா சிடி’ என்று கொடுத்தால் எம்4பி கோப்பு பூட்டோடு அப்படியே தகட்டில் ஏறும், பயனில்லை. வேகத்தை ‘மேக்சிமம்’ என்று விடாமல் 16 அல்லது அதற்கும் கீழே குறையுங்கள். மலிவான தகடுகள் வேகம் தாங்காது. ‘யூஸ் சவுண்ட் செக்’ என்பதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், அது ஒலி அளவை மாற்றி எழுதும். ‘இன்க்லூட் சிடி டெக்ஸ்ட்’ என்பதில் டிக் வையுங்கள்.

‘கேப் பிட்வீன் சாங்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. சினிமாப் பாட்டுக்கு 2 விநாடி இருக்கலாம். கச்சேரிப் பதிவாக இருந்தால் கட்டாயம் ‘நன்’ (இடைவெளி இல்லை) கொடுங்கள். ஆலாபனை, கிருதி, தனி ஆவர்த்தனம் என்று ஒரே உருப்படியைத் துண்டு போட்டு விற்றிருப்பார்கள். இடைவெளி விட்டால் மிருதங்கக்காரர் கை தூக்கிய இடத்தில் இரண்டு விநாடி மௌனம் விழும், கேட்கச் சகிக்காது.

திரும்ப ஏற்றுதல். எழுதி முடித்த கையோடு, அதே கணினியில், அதே ஐடியூன்ஸிலேயே ஏற்றுங்கள். தான் எழுதிய தகட்டை ஐடியூன்ஸ் அடையாளம் கண்டு பாட்டுப் பெயர்களைத் தானாகப் போட்டுவிடும். வேறு கணினிக்குக் கொண்டுபோனால் ‘டிராக் 01, டிராக் 02’ என்று வந்து நிற்கும், இருநூறு பாட்டுக்குக் கையால் பெயர் அடிக்க வேண்டும்.

‘இம்போர்ட் செட்டிங்ஸ்’ 4-ஆம் படியில் சொன்னபடி எம்பி3-யில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘யூஸ் எரர் கரெக்‌ஷன்’ என்பதில் டிக் வைத்தால் கொஞ்சம் மெதுவாக ஏறும், ஆனால் டிக் டிக் என்ற சத்தம் வராமல் இருக்கும். ‘ஏற்கெனவே இருக்கும் பாட்டை மாற்றவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மாற்றிவிட்டால் மூலப் பாட்டு போய்விடும்.

நேரக் கணக்கு: எழுத, ஏற்ற, தகட்டை அழிக்க, நடுவில் பெயர் சரிபார்க்க என்று தகடு ஒன்றுக்கு அரை மணி வையுங்கள். 200 பாட்டு என்றால் 13 தகடு, அதாவது ஆறு ஏழு மணி நேரம். முழுக்க உட்கார்ந்து பார்க்க வேண்டாம். சனிக்கிழமை சமையலுக்கு நடுவே ஓடி ஓடி வந்து தகடு மாற்றினால் போதும். முதல் தகடு முடிந்ததும் அந்த எம்பி3-களைக் காரில் கேட்டுப் பார்த்துவிட்டே இரண்டாவதைத் தொடங்குங்கள்.

7. விண்டோஸ் மீடியா கோப்பு வைத்திருப்பவர்களுக்கு

டபிள்யூஎம்ஏ கோப்பில் பூட்டு இருந்தால் அதன் உரிமம் வாங்கிய கணினியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கணினி இன்னும் ஓடுகிறது என்றால் அதிலேயே விண்டோஸ் மீடியா பிளேயரில் ‘பர்ன்’ பகுதிக்குப் போய் ‘ஆடியோ சிடி’ எழுதிப் பாருங்கள். உரிமம் அனுமதித்தால் எழுதும். இந்தப் பழைய பூட்டுச் சேவையைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2024-ல் அறிவித்துவிட்டது. ஆகவே தள்ளிப்போடாதீர்கள், அந்தக் கணினியை ஃபார்மட் செய்யவும் விடாதீர்கள்.

சிலர் சொந்தச் சிடியைக் கணினியில் ஏற்றும்போதே ‘காப்பி புரொடெக்ட் மியூசிக்’ என்ற டிக்கை வைத்துவிட்டுப் பூட்டு என்று தவிப்பார்கள். சிடி வீட்டில் இருந்தால் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள். வேறு எதுவும் செய்ய வேண்டாம்.

8. பென் டிரைவில் போடுதல்

இவ்வளவு பாடுபட்டபின் இந்த இடத்தில் கோட்டை விடுபவர்கள் அதிகம்.

32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவ் வாங்காதீர்கள். 256 கேபிபிஎஸ்ஸில் ஐந்து நிமிடப் பாட்டு சுமார் 10 எம்பி பிடிக்கும், 16 ஜிபியிலேயே ஆயிரத்தைந்நூறு பாட்டு அடங்கும். வலது கிளிக் செய்து ‘ஃபேட்32’ வடிவத்தில் ஃபார்மட் செய்யுங்கள். பெரிய டிரைவ்கள் ‘எக்ஸ்ஃபேட்’ வடிவத்தில் வரும், பழைய கார் ஸ்டீரியோவுக்கு அது தெரியாது. ‘நோ டிவைஸ்’ என்று காட்டும், நாம் பாட்டில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

கோப்புப் பெயர்களில் தமிழ் எழுத்து வேண்டாம். நிறைய ஸ்டீரியோக்களில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆங்கில எழுத்தில் பெயர் வைத்து முன்னால் 01, 02 என்று எண் போடுங்கள். சில ஸ்டீரியோக்கள் அகர வரிசையைப் பார்க்காமல், டிரைவில் ஏற்றிய வரிசையிலேயே பாடும். ஆகவே கோப்புறைகளை நீங்கள் கேட்க விரும்பும் வரிசையில் ஒவ்வொன்றாக நகல் எடுங்கள். கோப்புக்கு உள்ளே இருக்கும் பாட்டுப் பெயர், பாடகர் பெயரைத் திருத்த ‘எம்பி3டேக்’ என்ற இலவச மென்பொருள் நன்றாக இருக்கிறது. அதில் ‘ஐடி3வி2.3’ என்ற வகையைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் பழைய ஸ்டீரியோவும் படிக்கும்.

மேக்கிலிருந்து நகல் எடுத்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் புள்ளியும் அடிக்கோடும் கொண்டு தொடங்கும் குட்டிக் கோப்பு ஒன்று ஒளிந்துகொள்ளும். காரில் ஒரு பாட்டு, ஒரு மௌனம், ஒரு பாட்டு, ஒரு மௌனம் என்று வந்தால் காரணம் இதுதான். விண்டோஸ் கணினியில் செருகி, மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி அழித்துவிடுங்கள்.

இனி, “மாமா, அந்தப் பென் டிரைவை எனக்கும் காப்பி போட்டுக் குடுங்க” என்று வீட்டுக்கு வரும் பிள்ளைகள் கேட்பார்கள். நீங்கள் வாங்கியது உங்கள் வீட்டு உபயோகத்துக்கு. அதோடு, ஐடியூன்ஸில் வாங்கிய எம்4ஏ கோப்பு ஒவ்வொன்றிலும் உங்கள் பெயரும் மின்னஞ்சலும் எழுதியிருக்கிறது என்று முன்பே பார்த்தோம். அது கைமாறி எங்கே போய் நின்றாலும் அந்தப் பெயரோடுதான் நிற்கும்.